காலை ஓட்டத்தில் எங்கே வலிக்கிறது? அங்கிருந்தே திருத்துங்கள்

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி, தாவரவியல் பூங்காவுக்குக் காலை 6 மணிக்கு ஓட வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், குறைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அதே நாலைந்துதான். ஒருவருக்கு முட்டி, இன்னொருவருக்குக் குதிகால், வேறொருவருக்குக் கழுத்து. வலி வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது புதுச் சப்பாத்து வாங்குவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. காசு செலவில்லாத திருத்தங்கள் அதற்கு முன்னால் நிறைய இருக்கின்றன. பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில். எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். சப்பாத்து, வேகம், காலடி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## எதற்கும் முன்னால்: வீடியோ, எண்ணிக்கை, சத்தம்

இதை ஓட்டத்தின் தொடக்கத்தில் செய்யாதீர்கள். புதுத் தெம்பில் எல்லாரும் அழகாகத்தான் ஓடுவார்கள். களைத்த பிறகு, கடைசிச் சுற்றில் செய்யுங்கள். அப்போதுதான் உண்மையான ஓட்டம் தெரியும்.

கைப்பேசியை இடுப்பு உயரத்தில் யாரையாவது பிடிக்கச் சொல்லி, பக்கவாட்டில் இருந்து ஒரு முறையும் பின்னால் இருந்து ஒரு முறையும் வீடியோ எடுங்கள். வழக்கமான வேகத்திலேயே ஓடுங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு, பாதம் தரையைத் தொடும் அந்த ஒரு நொடியில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் பார்க்க வேண்டியது, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. அது தரைக்கு ஏறக்குறைய நேராக நிற்கிறதா, அல்லது பாதம் முட்டியைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டு விழுகிறதா? பின்னால் எடுத்ததில் பார்க்க வேண்டியது, ஒரு காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே சரிகிறதா, பாதங்கள் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுகின்றனவா என்பது.

அடுத்து எண்ணிக்கை. வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுதான் ஒரு நிமிடத்துக்கான உங்கள் அடி எண்ணிக்கை. எழுதி வையுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

சத்தத்துக்குக் காதிலிருக்கும் இயர்போனைக் கழற்றினால் போதும்.

## காலடி "தப் தப்" என்று கேட்கிறது, வீடியோவில் பாதம் முன்னே நீள்கிறது

இந்தத் தலைப்பை எல்லாரும் படியுங்கள். கீழே வரும் பாதி வலிகளுக்கு வேர் இதுதான்.

வேகம் கூடுதலா? பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வாக்கியம் மூச்சு விடாமல் பேசிப் பாருங்கள். முடியவில்லை என்றால் மெதுவாக்குங்கள். வேகத்துக்காகக் காலை நீட்டி எட்டி வைக்கும் பழக்கம் பலருக்கு இதிலேயே அடங்கிவிடும்.

அடி எண்ணிக்கை குறைவா? 160க்குக் கீழே இருந்தால், இப்போது இருப்பதைவிட 5 விழுக்காடு கூட்டுங்கள். 156 என்றால் 164. வேகத்தைக் கூட்டக் கூடாது. அடி சிறியதாகி, கால் சீக்கிரம் எழ வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசியில் இலவச மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போட்டு, ஒரு நிமிடம் அந்தத் தாளத்தில் ஓடுங்கள், இரண்டு நிமிடம் மறந்துவிட்டு ஓடுங்கள். இப்படி மாறி மாறி. முதல் வாரம் செயற்கையாகத்தான் இருக்கும். 5 முதல் 10 விழுக்காடு கூட்டும்போது முட்டிக்கும் இடுப்பு மூட்டுக்கும் போகும் சுமை குறைவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்கு மேல் கூட்டத் தேவையில்லை.

180 என்ற எண்ணை யாராவது சொன்னால் அதைத் துரத்தாதீர்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் காலடியைப் பயிற்றுநர் ஜாக் டேனியல்ஸ் எண்ணியதிலிருந்து பரவிய எண் அது. அவர்கள் போட்டியில் ஓடிய உலகத்தர வீரர்கள். வேலைக்குப் போகும் முன் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடும் உயரமான ஆளுக்கு 165 சரியாகவே இருக்கலாம்.

இடுப்பை மடக்கி, உட்கார்ந்தாற்போல ஓடுகிறீர்களா? நாள் முழுக்க மேசையில் உட்காருகிறவர்களிடம் இது அதிகம். கணுக்காலில் இருந்து உடம்பு மொத்தமும் லேசாக முன்னே சாய வேண்டும், இடுப்பில் இருந்து அல்ல. ஓடும் முன் சுவரில் இருந்து இரண்டடி தள்ளி நின்று, உடம்பை மடக்காமல் சுவரை நோக்கிச் சாய்ந்து பாருங்கள். அந்தச் சாய்வில் கால்வாசி போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிழையைத் திருத்துகிறேன் என்று முன்பாதத்தில் ஓடத் தொடங்காதீர்கள். குதிகாலில் இறங்குவது தவறு இல்லை. முட்டிக்கு முன்னால் வெகுதூரத்தில் இறங்குவதுதான் தவறு. திடீரென்று முன்பாதத்துக்கு மாறினால் முட்டியின் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போய்ச் சேரும். ஒரு வலி போய் வேறு வலி வரும்.

## முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது

கோயில் படிகளே நல்ல சோதனை. தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஏறும்போது தாங்குகிறது, இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் பிடிக்கிறது என்றால், இந்தத் தலைப்பு உங்களுக்குத்தான். வலி முட்டியின் வெளிப்பக்கம் என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

1. கடந்த ஒரு மாதத்தில் தூரத்தையோ மேட்டையோ திடீரென்று கூட்டினீர்களா? கூட்டியிருந்தால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். முழு ஓய்வு தேவையில்லை. வலி பத்தில் மூன்றுக்குள் அடங்கி, மறுநாள் காலைக்குள் மறைகிற அளவு ஓடலாம்.

2. மேலே சொன்ன அடி எண்ணிக்கைத் திருத்தம். முன்முட்டி வலிக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

3. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பாதி உட்காருங்கள். முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் விழுகிறதா? விழுந்தால் கோளாறு முட்டியில் இல்லை, இடுப்பில். பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, தாழ்வான படியில் நின்று ஒற்றைக் காலால் மெதுவாகக் கீழே தொடுவது. இந்த மூன்றும் வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இரண்டு ஜோடி சப்பாத்து மாற்றியும் முட்டி வலி போகவில்லை என்றார். பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் ஒவ்வொரு இடது அடிக்கும் வலது இடுப்பு விரற்கடை அளவு இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. "இதற்காகவா இத்தனை காசு செலவழித்தேன்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே பாயை விரித்துக் காலைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது வலியில்லாமல் ஓடுகிறார்.

மருத்துவரைப் பாருங்கள்: முட்டி வீங்கினால், மடக்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று நழுவி விட்டுக்கொடுத்தால். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம்.

## முட்டியின் வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் பிடிக்கிறது

ஓடத் தொடங்கும்போது ஒன்றும் இருக்காது. மூன்றாவது அல்லது நான்காவது கிலோமீட்டரில் கத்தி வைத்தாற்போல வரும், நின்றால் போய்விடும், மறுபடி ஓடினால் திரும்ப வரும். தொடையின் வெளிப்பக்கப் பட்டை முட்டி அருகே எரிச்சல் கொள்வதன் அடையாளம் இது.

பினாங்கில் இதற்கு முதல் சந்தேகம் கொடிமலைக்கு (பினாங்கு மலை) போகும் ஜீப் சாலை. பூங்கா அருகில் இருந்து மேலே சுமார் 5 கிலோமீட்டர் செங்குத்தான தார்ச்சாலை. ஏறுவது நல்ல பயிற்சி. இறங்கும்போது ஓடுவதுதான் ஆபத்து. உடம்பைப் பிடித்து நிறுத்த முயலும் ஒவ்வோர் அடியிலும் அந்தப் பட்டை எரிச்சல் கொள்கிறது. ஏறுங்கள், ஆனால் நடந்து இறங்குங்கள். அல்லது ரயிலில் இறங்குங்கள்.

அதை நிறுத்தியும் வந்தால் பின்பக்க வீடியோவைப் பாருங்கள். பாதங்கள் ஒரே கோட்டில் விழுகின்றனவா? சாலையில் வெள்ளைக் கோடு இருக்கும் இடத்தில் கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பாதமாக வைத்து ஓடிப் பழகுங்கள். பக்கவாட்டுக் கால் தூக்கும் பயிற்சி இங்கேயும் வேண்டும். வலி வரும் தூரத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். நான்காவது கிலோமீட்டரில் வந்தால் மூன்றோடு வீட்டுக்குப் போங்கள். வலியோடு ஓடித் தீர்க்கும் வலி அல்ல இது. ஆறு வாரத்தில் தூரம் கூடவில்லை என்றால் பிசியோவை (இயன்முறை மருத்துவரை) பாருங்கள்.

## முன்னெலும்பு நோகிறது

முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடையில், எலும்பின் உள்விளிம்பு. இந்த வலியில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். கட்டைவிரலால் அந்த விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள்.

உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது அதிகச் சுமையால் வந்த நோவு. ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள், சிமெண்டுத் தரையை விட்டுப் புல், மண் பக்கம் போங்கள், அடி எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள். பினாங்குப் பாலம் மாரத்தானுக்குப் பதிந்துகொண்டு, இரண்டே மாதத்தில் தூரத்தை ஏற்றுகிறவர்களுக்கு வருடா வருடம் வருவது இது. சப்பாத்தைச் சோதிக்கும் இடமும் இதுதான்: 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய சப்பாத்தின் நுரை சோர்ந்திருக்கும். அடிப்பாகம் தேய்ந்திருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டு நுரையில் நிரந்தரச் சுருக்கங்கள் விழுந்து, விரலால் அழுத்தினால் திரும்ப எழாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

20 சென் காசளவு ஒரே புள்ளியில் சுரீர் என்று வலித்தால் ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் ஒரு தடவை குதித்தாலே அந்த இடம் வலிக்கிறதா, இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறதா? எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலே போகலாம் என்பதை நினைவில் வையுங்கள். "படத்தில் ஒன்றும் இல்லை" என்றாலும் வலி அதே புள்ளியில் இருந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். இங்கே தைரியம் காட்டினால் கீறல் முறிவாகும்.

## படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறது

நாலு அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். உள்ளங்கால் பட்டையின் தொல்லை. நம் வீடுகளில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு: வெறுங்காலோடு நாள் முழுக்க டைல்ஸ் தரையில் நிற்பது. ஓட்டத்தைக் குறை சொல்வதற்கு முன், சமையலறையில் மெத்தென்ற ஸ்லிப்பர் போட்டு இரண்டு வாரம் பாருங்கள்.

அப்புறம், படுக்கையை விட்டு எழும் முன் கால்விரல்களைக் கையால் பின்னால் இழுத்து, பத்து விநாடி பிடித்து, பத்து முறை. ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குவது ஒருநாள் விட்டு ஒருநாள். இதற்குப் பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். மூன்று மாதத்தில் அசையவில்லை என்றால் பிசியோவைப் பாருங்கள். ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், அதை முதல் தீர்வாக ஏற்காதீர்கள்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாண் காலையில் விறைத்திருக்கிறதா? அது வேறு. மேட்டு ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் நிறுத்துங்கள். படி விளிம்பில் நின்று, இரு காலால் உயர்ந்து, நோகும் காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள்: 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல "டப்" என்று ஒலித்து, விரல் நுனியில் நிற்க முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

## எப்போதும் ஒரே பக்கம்தான் வலிக்கிறது

உங்கள் காலைப் பார்க்கும் முன் சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிய வேண்டும் என்று நம் சாலைகள் ஓரத்தில் லோங்காங்கை (சாக்கடையை) நோக்கிச் சரிந்திருக்கும். வண்டிகள் எதிரே வரும்படி வலப்பக்கமாக ஓடுவது பாதுகாப்பானது, ஆனால் வலது கால் தினமும் பள்ளத்தில் விழுகிறது. மாதக்கணக்கில் ஒரே தாமானை (குடியிருப்பை) ஒரே திசையில் சுற்றுகிறவர்களுக்கு இதுவே போதும்.

இதைத் திருத்த இருட்டில் சாலையின் மறுபக்கம் மாறி ஓடாதீர்கள். பினாங்கில் 7 மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. 6 மணிக்கு வண்டிக்காரர்களுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சமதளம் தேடுங்கள்: பூங்காவின் உள்சாலை, இளைஞர் பூங்கா, கர்னி கடற்கரை நடைபாதை. திடல் ஓடுதளத்தில் எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறீர்கள் என்றால், ஆள் குறைந்த நேரத்தில் வெளித்தடத்தில் திசையை மாற்றுங்கள்.

சமதளத்திலும் வருகிறதா? கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே கையில் தண்ணீர்ப் புட்டி பிடிப்பது தோளையும் இடுப்பையும் திருகும். அதுவும் இல்லை என்றால் கால் நீள வேறுபாடு, பழைய காயம் போன்றவற்றைப் பிசியோ அளந்து பார்க்க வேண்டும். நீங்களாகச் சப்பாத்துக்குள் அட்டை வைக்க வேண்டாம்.

## கழுத்தும் தோளும் இறுகுகின்றன

விடியும் முன் ஓடுகிறவர்களின் நோய் இது. இருட்டில் கால் எங்கே படுமோ என்று குனிந்தே ஓடுவதால் கழுத்து முன்னே தொங்கும், தோள் காதை நோக்கி ஏறும். ஒரு தலைவிளக்கு வாங்குங்கள். இந்தப் பட்டியலில் நான் தயங்காமல் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். வெளிச்சம் இருந்தால் 10, 15 மீட்டர் தள்ளிப் பார்க்கலாம், தலை தானாக நிமிரும்.

கையை முஷ்டியாக்காமல், உள்ளங்கையில் திருநீற்றை வாங்கிக்கொண்டு வருவதுபோல மூடியும் மூடாமலும் வையுங்கள். கை முன்னும் பின்னும் போகட்டும், தொப்புளைத் தாண்டிக் குறுக்கே வர வேண்டாம். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கையை ஒரு முறை கீழே தொங்கவிட்டு உதறுங்கள்.

## மூச்சு முட்டுகிறது, விலாப் பக்கம் பிடிக்கிறது, ஓட்டம் குலைகிறது

காலை நேரத்தில் வெயில் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் காற்றில் ஈரம் முழுக்க நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டுகிறது, உடம்பு ஆறுவதில்லை. பக்கத்து ஆளோடு பேச முடியும் வேகத்துக்கு இறங்குவதுதான் முதல் திருத்தம். முடியவில்லை என்றால் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. புகைமூட்டக் காலத்தில், காற்றின் மாசைக் காட்டும் ஐபியு எண்ணைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் வெளியில் ஓட வேண்டாம்.

விலாப் பிடிப்புக்கு, ஓடும் முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசியுங்கள். தே தாரேக்கும் ரொட்டிச் சானாயும் ஓட்டத்துக்குப் பிறகு. பிடித்துக்கொண்டால் மெதுவாக்கி, அந்த இடத்தை விரலால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், தலை சுற்றி விழப்போனால் உடனே நில்லுங்கள், 999 அழையுங்கள். கூட ஓடுகிறவர் உளறினாலோ தள்ளாடினாலோ வெப்பத்தாக்கு என்று சந்தேகியுங்கள். வியர்வை நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் அது வரும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அழையுங்கள்.

## கொப்புளம், கறுத்த நகம்

நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா? சப்பாத்தை மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அப்போது பாதம் சற்றுப் பருத்திருக்கும். குதிகால் வழுக்கினால் மேலே உள்ள கடைசித் துளையிலும் கயிற்றைக் கோத்துக் கட்டுங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் மட்டும் இதை இரண்டு தடவை படியுங்கள். நம் மக்களிடையே அது அதிகம், பாத உணர்வு மங்கியிருப்பது தெரியாமலே பலர் ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் தினமும் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள். வலிக்காத கொப்புளம்தான் ஆபத்து. சின்னப் புண் என்றாலும் கிளினிக்கில் காட்டுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் உடனே போட்டுக்கொள்ள இனிப்பு மிட்டாய் சட்டைப் பையில் இருக்கட்டும்.

## பிசியோவிடம் போகும் நாள்

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான், அங்கே தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். உடனே பார்க்க வேண்டும் என்றால் தனியார் பிசியோ. ஓடுகிறவர்களைப் பார்த்துப் பழக்கம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஓடவிட்டுப் பார்க்காமல், படுக்கவைத்து மின்சூடு மட்டும் கொடுத்து அனுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

போகும்போது பழைய சப்பாத்தை எடுத்துப் போங்கள், புதியதை அல்ல. இரண்டு வீடியோக்கள், அடி எண்ணிக்கை, கடந்த ஆறு வாரம் ஓடிய தூரம், எதை மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்பு, எல்லாம் கைப்பேசியில் இருக்கட்டும். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.